ராணியம்மாளின் பிறந்தகம்

சின்னமனூருக்கு அருகே முல்லையாற்றின் கிழக்குக் கரையில் எங்கள் ஊர். எதிர்க்கரையில் மற்றோர் ஊர். அந்த ஊரின் எல்லையில், ஆற்றைப் பார்த்தாற்போல ஒரு பழைய சிவன் கோயில் இருக்கிறது. அதன் முன்மண்டபத்தில் ஒரு பெண்ணின் கற்சிலை இடுப்பளவு உயரத்தில் கைகூப்பி நிற்கிறது. பாண்டிய வேந்தன் ஒருவனின் தேவி அவள் என்பதையும், கோயிலில் அணையா விளக்கு ஒன்றை ஏற்றி அதன் நெய்க்காக ஆடுகள் விட்டாள் என்பதையும் பக்கத்து வாயிலின் நிலைக்கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஊரார் அவளை ராணியம்மாள் என்பார்கள். அவள் யாருடைய மனைவி என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. யாருடைய மகள் என்பதுதான் வழக்கு. அந்த வழக்கை ஒரே வரியில் நான் தீர்த்துவைத்தேன். தீர்த்துவைத்ததால் நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன்.

பங்குனித் திருக்கல்யாணத்துக்கு மறுநாள் ராணியம்மாளுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரும். ஒரு தாம்பாளத்தில் சேலை, மஞ்சள், தேங்காய், வெற்றிலை, முன்னே மேளம். அதைக் கொண்டுவரும் உரிமை அவளைப் பெற்ற வகையறாவுக்கு மட்டும் உரியது. இரண்டு கரையாரும் ஒரே சமூகத்தார். இரு சாராரும் அவள் தங்கள் முன்னோன் ஒருவனின் மகள் என்றார்கள். ஆகவே ஆண்டுதோறும் இரண்டு தாம்பாளங்கள் வந்தன. எந்தச் சேலை சிலையின் மேல் முதலில் படவேண்டும் என்பதில் வாய்ச்சண்டை மூளும். சில ஆண்டுகளில் அது கைகலப்பாகவும் முடிந்திருக்கிறது. இந்தப் பகையால் இரு கரையாருக்கும் இடையே கொள்வினை கொடுப்பினை கிடையாது.

எங்கள் கரையின் தாம்பாளத்தைச் சுமந்தவர் என் தந்தையார். வகையறாவில் எங்களுடையது மூத்த கிளை. அவருக்குக் கொடிக்கால்தான் உலகம். விடியுமுன் வெற்றிலை கிள்ளப் போனால் வெயில் ஏறித்தான் திரும்புவார். பத்துச் சொல்லுக்கு மேல் ஒரு நாளில் பேசினார் என்றால் அது பெரிது. சீர் கொண்டுபோகும் நாளில் மட்டும் கரைவேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, ஆற்றுப்பாலத்தின் மேல் எல்லாருக்கும் முன்னால் நடப்பார். தாயார் நான் படித்துக்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டார். வீட்டில் தந்தையார், நான், எனக்குப் பல ஆண்டு இளையவளான தங்கை ஆகிய மூவரே.

நான் மதுரையில் புலவர் பட்டம் பெற்று, அருகிலிருந்த உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தேன். கோடை விடுமுறை ஒன்றில் கல்வெட்டு வாசிப்பதற்கும் பயிற்சி பெற்றேன். சான்றில்லாமல் ஒரு சொல்லும் எழுதமாட்டான் என்று உடன் பணியாற்றியவர்கள் என்னைப் பற்றிச் சொல்வார்கள். பாராட்டாகவும் சொன்னார்கள், சலிப்பாகவும் சொன்னார்கள். இரண்டையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்த ஏற்பாடாயிற்று. அதற்கென ஒரு மலர் வெளியிட எண்ணிய அறங்காவலர், தலவரலாற்றை எழுதும் பணியை என்னிடம் ஒப்படைத்தார். நான் நிலைக்கல்லின் சுண்ணாம்பைத் தேங்காய் நாரால் தேய்த்து நீக்கி, ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படி எடுத்தேன். வேந்தன் பெயர் தெளிவாக இருந்தது. ஆட்சியாண்டு இருந்தது. தேவியின் பெயரில் பாதி இருந்தது. அவள் தந்தையின் பெயரும் ஊரும் வரவேண்டிய இடத்தில் ஒரு குழி இருந்தது. எப்போதோ நடந்த திருப்பணியில், கதவுத் தாழ் செருகுவதற்காகக் கல்லைச் சதுரமாகக் குடைந்திருக்கிறார்கள். குடைந்த தச்சனுக்கு எழுத்தைப் பற்றிய கவலை இருந்திருக்காது. கதவு அடைபட வேண்டும், அவ்வளவுதான்.

இதை உள்ளபடியே எழுதிக்கொண்டு போய் அறங்காவலரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுத் தாளை மடித்தார். குழி என்று அச்சில் வந்தால் இரு கரையாரும் அந்தக் குழிக்குள்ளேயே சண்டையிடுவார்கள் என்றார். யாகசாலைக்கு நெய் தருவது கிழக்குக் கரை. பந்தலுக்குக் கம்பும் ஓலையும் தருவது மேற்குக் கரை. ஒருவர் விலகினாலும் குடமுழுக்கு நின்றுவிடும்.

“சண்டை வராம ஒரு வரி எழுதிக் குடுங்க, வாத்தியாரய்யா. கல்லு என்ன வந்து இல்லைன்னா சொல்லப் போகுது?”

நான் எழுதிக் கொடுத்தேன். தேவியின் உடன்பிறந்தார் இருவர் என்றும், ஒருவரின் வழியினர் கிழக்குக் கரையிலும் மற்றவரின் வழியினர் மேற்குக் கரையிலும் இன்றளவும் சிறந்து வாழ்கின்றனர் என்றும் அந்த வரி சொல்லிற்று. மூத்தவர் யார், இளையவர் யார் என்று சொல்லாமல் விட்டதை என் நுட்பமாகக் கருதினேன். அன்றிரவு உறக்கம் கெட்டதாக நினைவில்லை. வரி நன்றாக அமைந்திருந்தது.

மலர் வெளியானதும் இரு கரையாரும் அதை வாங்கிப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். யாருடைய உரிமையும் பறிபோகவில்லை. அடுத்த பங்குனியில் இரண்டு தாம்பாளங்களும் பாலத்தின் நடுவில் சந்தித்து, ஒரே மேளத்தோடு கோயிலுக்குப் போயின. இரண்டு சேலைகளின் முந்தானைகளையும் முடிந்து ஒன்றாகச் சார்த்தினார்கள். அதன்பின் ஒரு கரையில் இழவு விழுந்தால் மறுகரையிலிருந்து ஆள் வந்தது. சந்தையில் பார்த்தால் அண்ணே, தம்பி என்று அழைத்துக்கொண்டார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இப்படி நான்கு ஆண்டுகள் போயின.

என் தங்கை ஆசிரியப் பயிற்சி முடித்து, மேகமலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். திங்கட்கிழமை மலை ஏறினால் வெள்ளிக்கிழமை மாலைதான் இறங்குவாள். அதே தோட்டத்துத் தேயிலை ஆலையில் எழுத்தராக இருந்தவர் மேற்குக் கரை இளைஞர். கரடுமுரடான அந்த மலைப்பாதையில் ஒரே வண்டியில் போய்வந்ததில் இருவருக்கும் பழக்கமாயிற்று. பழைய பகைக் காலமாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவும் மாட்டார்கள். என் வரி அவர்களைப் பேசவைத்தது என்றும் கொள்ளலாம். அவள் என்னிடம் சொன்னாள். நான் தந்தையாரிடம் சொன்னேன். பையன் யார் என்று கேட்டுவிட்டுத் தலையசைத்தார். மாப்பிள்ளைக்குத் தந்தை இல்லை. சிற்றப்பாதான் வீட்டுக்குத் தலைவர். அவரும் இசைந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூவும் பழமுமாக உறுதி செய்ய வருவதாகச் சொல்லியனுப்பினார்.

வந்தார்கள். பூத்தட்டைக் கீழே வைத்த சிற்றப்பா, அதை எங்கள் பக்கம் நகர்த்தவில்லை. தம் மஞ்சள் பையிலிருந்து குடமுழுக்கு மலரை எடுத்தார்.

“வாத்தியாரே, இது நீங்க எழுதினதுதான?”

நான் ஆம் என்றேன்.

“இந்த எடத்தக் கொஞ்சம் வாசிங்க. கண்ணாடி கொண்டாரல.”

கண்ணாடி அவர் சட்டைப்பையில் இருந்தது. நான் என் வரியை வாசித்தேன். வேறு யாரோ எழுதியதுபோல் அது ஒலித்தது.

“அண்ணன் தம்பி மக்க நம்மன்னு போட்டிருக்கீக. நேத்துச் சாயங்காலம் எங்க ஊர்ல ஒருத்தரு கேட்டாக. எனக்குப் பதில் தெரியல. அதான் உங்ககிட்டயே கேப்போம்னு வந்தேன். இந்தப் பிள்ளை எங்க பையனுக்கு என்ன முறை வேணும்?”

அவரே சொன்னார்.

“தங்கச்சி முறை. தங்கச்சிக்கு எவனாச்சும் தாலி கட்டுவானா?”

அவரிடம் கோபம் இல்லை. பெண்ணைத் தமக்குப் பிடித்திருக்கிறது என்றும், பையன் வாடிப்போவான் என்றும் வருத்தத்தோடுதான் சொன்னார். ஆனால் பங்காளி வீட்டில் பெண் எடுத்தவன் என்ற பேச்சைத் தம் வீடு தாங்காது என்றார். பூத்தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு பாலத்தின் வழியே திரும்பினார்கள். பழத்தை மட்டும் விட்டுச் சென்றார்கள்.

மறுநாள் காலையில் தங்கையை வண்டி ஏற்றிவிட நான் சின்னமனூர் வரை சென்றேன். ஏறி உட்கார்ந்தபின் சன்னல் வழியே கேட்டாள்.

“அண்ணே, அந்த ராணியம்மா யாரு மகள்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

தெரியாது என்றேன்.

“தெரியாமத்தான் எழுதுனீகளா?”

அவளுடைய பையைச் சன்னல் வழியே எடுத்துக் கொடுத்தேன்.

“அவுக இல்லைன்னா எனக்கு வேற யாரும் வேணாம். இத அப்பாட்ட நீங்களே சொல்லிருங்க.”

என் மாணவர்களின் கட்டுரைகளில் ஆதாரம் எங்கே என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுப்பவன் நான். அன்று பள்ளியில் ஒரு கட்டுரையையும் திருத்த இயலவில்லை.

செய்ய வேண்டியது தெளிவாகவே தெரிந்தது. அறங்காவலரை வேண்டி, இரு கரைப் பெரியவர்களையும் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் கோயிலுக்கு வரவழைத்தேன். நிலைக்கல்லின் முன் நின்று, அந்த வரிக்குச் சான்று இல்லை என்றும், அமைதி வேண்டி நானே எழுதியது என்றும், பிழை என்னுடையது என்றும் சொன்னேன். மைப்படியையும் விரித்துக் காட்டினேன். மாப்பிள்ளையின் சிற்றப்பா எழுந்து வந்து, கல்லில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டே போனார். தாழ்க்குழிக்குள் விரல் இறங்கியது.

“இங்கன குழிதான் இருக்கு.”

“ஆமாம்” என்றேன்.

“அப்ப இந்தக் குழியப் பாத்தா நாங்க அண்ணன் தம்பின்னு கண்டுபிடிச்சீக?”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் எங்கள் கரையைச் சேர்ந்த ஒருவரின் குரல் பின்னாலிருந்து வந்தது. “தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமைஞ்சதும் கல்லுல எழுத்து அழிஞ்சு போச்சாக்கும்.”

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். பொய் எழுதியபோது எனக்கு அதில் ஊதியம் ஒன்றும் இல்லை, எல்லாரும் நம்பினார்கள். உண்மை சொன்னபோது அதனால் என் வீட்டுக்கு ஆதாயம் இருந்தது, ஒருவரும் நம்பவில்லை. நம்பியவர்களுக்கும் அது வேண்டியிருக்கவில்லை. நான்கு ஆண்டுகளாக அடிதடி இல்லாமல் சீர் நடக்கிறது, ஒரு கல்யாணத்துக்காக அதைக் கெடுப்பதா என்று இரு கரையாரும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்கள் அவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் கண்டதில்லை. அறங்காவலர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மலரில் உள்ளது உள்ளபடியே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பெரியவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழத் தொடங்கினார்கள்.

அதுவரை தூணில் சாய்ந்து நின்றிருந்த என் தந்தையார், “ஒரு நிமிசம்” என்றார்.

அவர் பேசுவார் என்று எவரும் நினைக்கவில்லை. அரைகுறையாக எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

“ரெண்டு கரையும் பங்காளியாவே இருங்க. அதுல மாத்தம் இல்லை. ஆனா எங்க வீடு உங்க ரெண்டு பேருக்குமே பங்காளி இல்லை. எங்க தாத்தனுக்குத் தாத்தன் பிடிமண்ணோட வந்து இங்கன குடியேறுனவுக. கொடிக்கால்ல நிக்கிற சாமி அந்தச் சாமிதான்.”

பிறந்த ஊரை விட்டுப் போகிறவன் குலதெய்வத்தின் காலடி மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய், புது ஊரில் அதை வைத்துச் சாமியை நிலைநிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் கொடிக்காலின் மூலையில், வகையறாவின் பொதுக் கோயில் போக, எங்கள் வீடு மட்டும் கும்பிடுகிற ஒரு நடுகல் உண்டு. அது எப்படி வந்தது என்று வீட்டில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. நானும் ஆராய்ந்ததில்லை.

சிற்றப்பா கேட்டார். “எங்கனயிருந்து வந்தாக?”

“வடுகபட்டிக்கு அங்கிட்டு.”

எங்கள் ஊர்ப் பெரியவர் குறுக்கிட்டார். “அப்ப இத்தன வருசமா நீங்க தாம்பாளம் தூக்குனது?”

“தப்புத்தான். இனிமே தூக்கல.”

பொய் சொல்கிறவனுக்கு ஏதேனும் ஆதாயம் இருக்க வேண்டும் என்பது ஊரார் கணக்கு. முதல் மரியாதையைத் தானே கீழே வைக்கிறவன் பொய் சொல்வதாக யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் வகையறாவின் இரண்டாம் கிளையார் முகத்தில் வெளிச்சம் தெரிந்தது. தாம்பாளம் இனி அவர்களுடையது. சிற்றப்பா சற்று நேரம் தந்தையாரையே பார்த்திருந்துவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை பூத்தட்டோடு வருவதாகச் சொன்னார். மலரில் ஒரு வரியும் மாறவில்லை. மாறியது எங்கள் வீடுதான்.

திரும்பும்போது பாலத்தில் நான் அவரிடம் கேட்டேன், நாம் வடுகபட்டிப் பக்கத்தவர் என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று. யாரும் சொல்லவில்லை என்றார். காலையில் வீட்டுக்குப் பூண்டு வாங்கி வந்தாராம். சாக்கின் மேல் வடுகபட்டி என்று எழுதியிருந்ததாம். கேட்டதும் அதுதான் வாயில் வந்தது என்றார். நான் நின்றுவிட்டேன். அவர் நிற்காமல் நடந்தார்.

ஆவணியில் திருமணம் நடந்தது. குறையொன்றும் இல்லை. அடுத்த பங்குனியில் சீர் புறப்பட்டபோது தந்தையார் கொடிக்காலில் இருந்தார். கொடிகளுக்கு அன்று தண்ணீர் முறை என்று சொன்னார். முறை அதற்கு முந்திய நாளே முடிந்திருந்தது. மேளச் சத்தம் பாலத்தைக் கடந்து ஓயும்வரை வெற்றிலைகளை அடுக்கி அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார் என்று அங்கு வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

பேச்சு அதோடு நின்றிருந்தால் நானும் இதை எழுதியிருக்கமாட்டேன். திருமணம் முடிந்து ஓராண்டு கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் அறிமுகமில்லாத ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். வடுகபட்டிக்கு அப்பால் ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்லி, அங்கிருந்து வருவதாகவும், தம் வகையறாவின் மூத்தவர் இறந்துவிட்டதாகவும், பங்காளிகளுக்குச் சொல்லி வருவதாகவும் கூறினார்.

விசாரித்ததில் விளங்கிற்று. மாப்பிள்ளையின் சிற்றப்பா பூண்டுச் சந்தைக்குப் போன இடத்தில், உங்கள் பக்கத்திலிருந்து பிடிமண்ணோடு வந்த குடும்பம் ஒன்று எங்கள் சம்பந்தி என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வகையறாவில், அண்ணனோடு மனம் கசந்து தெற்கே போய்விட்ட தம்பி ஒருவரின் கதை வழங்கிவந்திருக்கிறது. போனவர் எந்த ஊரில் தங்கினார் என்று தெரியாமல் இருந்தவர்களுக்கு எங்கள் ஊர் கிடைத்துவிட்டது. செத்துப்போன பெரியவர் கடைசி மாதங்களில் எங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேயிருந்தாராம். நடக்க முடியாததால் வரவில்லையாம்.

வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நான் தந்தையாரைப் பின்கட்டுக்கு அழைத்துப்போனேன். இது முறையில்லை என்றேன். யாரோ ஒருவரின் இழவில் பங்காளி என்று பிணத்தை நீராட்ட நீர்மாலை எடுக்கப் போவதும் தலை மழிப்பதும் இறந்தவருக்குச் செய்யும் அவமதிப்பு என்றேன். உண்மையைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். அப்போது தங்கைக்கு ஏழாம் மாதம்.

“சொல்லு” என்றார் தந்தையார். “சொன்னா சாயங்காலத்துக்குள்ள மேலக்கரைக்குப் போயிரும். அப்ப நம்ம யாரு? திரும்பவும் பங்காளி. உன் தங்கச்சி வயித்துப் பிள்ளைக்கு என்ன பேரு வைப்பாக, யோசிச்சியா?”

நான் வேறு வழி ஏதேனும் உண்டா என்று பார்த்தேன். உடல்நலம் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

“ஏலே, நான் வாயால சொல்லிட்டேன். அந்தாளு நம்மளப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே செத்திருக்காக. கிளம்பு.”

“நானுமா?”

“நீ எனக்குப் பிறந்தவன்தான?”

தேனிக்குப் போய் அங்கிருந்து பேருந்து மாறிப் போனோம். முன்பின் அறியாத வீடு. வாசலில் நுழைந்ததும் இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்துக் குரலெடுத்து அழுதார்கள். இத்தனை காலம் கழித்து இப்படியா வரவேண்டும் என்று அழுதார்கள். ஆண்கள் தந்தையாரின் கையைப் பிடித்துப் பிணத்தின் தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். முகச்சாயல் அப்படியே இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, மூக்கு என்று மற்றொருவர் திருத்தினார். நீர்மாலைக்கு எங்களை முன்னால் நிறுத்தினார்கள். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால், அந்த ஊர்த் தெருவில் தந்தையார் நடந்தார். பாலத்தின் மேல் நடப்பாரே, அதே நடை. நான் பின்னால் போனேன்.

சுடுகாட்டில் நாவிதர் முதலில் அவருக்கு மழித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் உட்கார்ந்தேன். மீசையையும் எடுத்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் என் தலையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். யார் இறந்தது என்று கேட்டார்.

பெரியப்பா என்றேன்.